ரத்தம் வராத காயம்

பிரஷர் வாஷர் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனை பார்?" என்றுதான். கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நால்வரும் இந்த ஒரு மாதத்தில் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள். நூறு என்றால் முகம் வாடும், இருநூறு என்றால் மலரும். தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தில் அடிக்கும் என்பதற்கான கணக்கு அது. ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு அது ஒரு கௌரவம்.

தேனியில் இதே கடையில், இதே கவுண்டரில்தான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. ஆரம்பத்தில் மோட்டார் பம்பும் மருந்தடிக்கிற ஸ்பிரேயரும் விற்றேன். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் பிரஷர் வாஷர். உங்களிடம் ஏதாவது பேசச் சொல்லி முதலாளி கூப்பிட்டிருக்கிறார். மெஷினை எப்படி மாட்டுவது, கழற்றுவது என்று கம்பெனியிலிருந்து வந்து சொல்லித் தருவார்கள். நான் செய்த இரண்டு தப்புகளைச் சொல்கிறேன். முதலாவது சிரிக்கக்கூடியது.

அது போடியில் நடந்தது. ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு குடும்பம், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டைக் கழுவ மெஷின் வேண்டும் என்றார்கள். டெமோ காட்டப் போனேன். முற்றத்துச் சிமெண்ட் தரையில் பாசி பாளம் பாளமாகப் பெயர்ந்து ஓடியது. வீட்டில் இருந்த எல்லாரும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். அந்தப் பெருமையில், தண்ணீர் பீச்சுகிற கன்னைத் தரையிலிருந்து அப்படியே முன்சுவருக்குத் தூக்கினேன். உள்ளே பழைய சுண்ணாம்புப் பூச்சு, மேலே புதிதாக அடித்த வெளிர்நீலப் பெயிண்ட். ஒரே இழுப்பில் இரண்டும் போய்ச் செங்கல் தெரிந்தது. அரிவாள் மாதிரி வளைந்து ஒரு வடு. வீட்டம்மா அதைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"பரவால்ல விடும்மா. அங்கன ஒரு காலண்டர் மாட்டணும்னு நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். காபியும் கொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு நான் பாரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேட்கப் பழகினேன். எதைக் கழுவப் போகிறீர்கள்? தண்ணீர் குழாயிலிருந்து வருமா, டிரம்மிலிருந்து எடுக்க வேண்டுமா? கார், பைக், மாடிப்படிப் பாசி, ஜன்னல் கம்பி, இதற்கெல்லாம் நூற்றுப்பத்து, நூற்றிருபது பார் தாராளம். கொஞ்சம் தள்ளி நின்று, கன் நுனியில் விரிந்து அடிக்கிற நாசிலை மாட்டினால் வீட்டு வேலை முடிந்துவிடும். இந்த இரண்டு கேள்விகளோடு நான் கெட்டிக்காரியாகிவிட்டேன் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி இரண்டாவது.

அந்தக் காலத்தில் சர்வீஸ் பெஞ்சில் ஒருவர் இருந்தார். என் வயதுதான். பேச்சு குறைவு, கோபம் அதிகம். எனக்கும் அவருக்கும் ஒத்தே போகாது. பெரிய மெஷின் எதையாவது வீட்டுக்கென்று விற்றால், பெட்டி கடையைத் தாண்டும் முன் பிரித்து, நிறம் நிறமாக இருக்கும் ஐந்து நாசில்களில் சிவப்பை மட்டும் எடுத்துத் தன் டிராயரில் போட்டுக்கொள்வார். சிவப்பு நாசிலில் தண்ணீர் விரியாது. கம்பி மாதிரி ஒரே கோடாக வரும். பெட்டி மேல் இருக்கும் படத்தில் ஐந்து, உள்ளே நாலுதான் என்று வாடிக்கையாளர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். நான் அவரிடம் சண்டைக்குப் போவேன்.

அவருக்கு இடது மோதிரவிரல் பாதிதான் உண்டு. ஒருநாள் டீ குடிக்கும்போது அதைப் பற்றிக் கேட்டேன்.

"முன்னால டீசல் பம்ப் ஒர்க்‌ஷாப்புல இருந்தேன். இன்ஜெக்டர்ல டீசல் பீச்சுறத டெஸ்ட் பண்றப்ப விரலு குறுக்க போயிருச்சு. கொசு கடிச்ச மாதிரி ஒரு புள்ளி. ரத்தங்கூட வரல. தொடச்சுட்டு வேலையப் பாத்தேன். மூணாம் நாளு கறுத்துப் போச்சு" என்றார். பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த விரலுக்கும் அவர் டிராயரில் சேர்ந்திருந்த சிவப்பு நாசில்களுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அவர் வேலையை விட்டுவிட்டு மகளோடு இருக்கத் திருப்பூர் போய்விட்டார். பெட்டிகள் ஐந்து நாசிலோடு முழுசாகப் போக ஆரம்பித்தன. புகார் நின்றது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கம்பத்திலிருந்து செல்லப்பாண்டி என்பவர் வந்தார். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு காலையில் கேரளாவுக்கு மலையேறி, சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருகிறவர்.

"வண்டிக்கு அடியில பூராம் செம்மண்ணுக்கா. சர்வீஸ் ஸ்டேஷன்ல இருக்குற மாதிரி பெருசாக் குடுங்க. வீட்டு மாடியிலயும் பாசி கெடக்கு" என்றார்.

பெரிய மெஷினைக் காட்டினேன். அவருக்குப் பின்னால் அவர் மனைவி முத்துமாரி நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். கடைத்தெருவில் வாங்கிய லைனிங் துணியும் நூல்கண்டும் ஒரு பையில் வைத்திருந்தார். அவர்தான் கன்னைத் தூக்கிப் பார்த்து, "இம்புட்டுக் கனமா இருக்கே. ஒதறுமாக்கா?" என்று கேட்டார்.

நான் செல்லப்பாண்டியைப் பார்த்து, "அந்தக் கனம் இருந்தாத்தான் தம்பி பிடிமானம் இருக்கும்" என்றேன்.

கேட்டது ஒருவர், நான் பதில் சொன்னது இன்னொருவருக்கு. கவுண்டரில் கூட்டம் நெருக்கியது. இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வாரண்டி கார்டில் கையெழுத்துப் போட்டு, பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். நாசிலுக்கு முன்னால் கையைக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பூஜைக்கு முதல் நாள் காலை பத்தரை மணி இருக்கும். போன் அடித்தது.

"அக்கா, நான் கம்பத்துல இருந்து முத்துமாரி பேசுறேன். போன வாரம் மெஷின் வாங்கிட்டுப் போனோம்ல. தண்ணி வர மாட்டேங்குது. நாசில்ல மண்ணு அடச்சுருக்கும் போல."

"எந்த நாசில் மாட்டிருக்க?"

"செவப்பு. அதுதான் பாசிய நல்லா எடுக்குது. நேத்து இவுக ஜீப்பு கழுவ டிரம்முல சோப் ஆயிலும் டீசலும் கலந்து வச்சிருந்தாக. மிச்சம் கெடந்துச்சு, வீணாக்குவானேன்னு அதுலயே ஹோஸப் போட்டேன்."

"ஊக்க வச்சுக் குத்தி எடு. சரியாயிரும்." சொல்லிக்கொண்டே நான் வேறொருவருக்குப் பில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"குத்துனேன்க்கா. தண்ணி வருதான்னு நாசில்ல விரல வச்சுக் கன்ன அமுத்திப் பாத்தேன், சுருக்குன்னு ஒரு அடி அடிச்சுச்சு. அதுலருந்து தொடவே பயமா இருக்கு. ஒரு ஆள அனுப்பி விடுவீகளா?"

என் பேனா நின்றுவிட்டது. "எந்த விரலு?"

"எடது ஆள்காட்டி. அது ஒண்ணுமில்லக்கா, ஊசி குத்துன மாதிரி ஒரு புள்ளி. தையக்காரிக்கு இதெல்லாம் புதுசா? ரத்தமே வரல."

ரத்தமே வரல என்று அவர் சொன்னதும் பாதிவிரல் மனிதர் என் கண் முன்னால் வந்து நின்றார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். நாளைக்குக் கொடுக்க வேண்டிய ஆறு ரவிக்கை இருக்கிறது என்றார். கெஞ்சினேன். சரி, தெருமுனையில் டாக்டர் இருக்கிறார், காட்டுகிறேன் என்று வைத்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு நான் கூப்பிட்டேன். பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்டது. டாக்டர் பார்த்தாராம். தடுப்பூசி போட்டு, மாத்திரை கொடுத்து, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றாராம்.

"விரலு எப்படி இருக்கு?"

"கொஞ்சம் தடிச்சிருக்கு. மரத்துப் போன மாதிரி இருக்கு. மாத்திர போட்டுருக்கேன்ல, கேட்டுரும்." காலையில் இருந்த தெம்பு அந்தக் குரலில் இல்லை.

போனை வைத்தேன். அப்போது என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். ஒரு டாக்டரே பார்த்து அனுப்பிவிட்டார். நான் மெஷின் விற்கிறவள். நான் சொல்வது தப்பாகப் போனால் அந்தப் பெண்ணுக்கு ஒருநாள் பிழைப்பும் பூஜையும் கெடும், எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். இன்னொன்றும் ஓடியது. இதை நானாகப் பெரிதாக்கினால் நாளைக்குக் கடையின் மேல் வரும், என் மேல் வரும். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

திருப்பூருக்குப் போன் போட்டேன். அவர் கடையை விட்டுப் போனபின் அதுதான் முதல் தடவை. விஷயத்தைச் சொன்னேன்.

"டீசலு கலந்த தண்ணியா?"

"ஆமா."

"அப்பறம் எங்கிட்ட என்ன போனுல பேசிக்கிட்டு இருக்க? கையத் தொறந்து பாக்குற டாக்டருகிட்ட கொண்டு போ" என்று வைத்துவிட்டார்.

மறுபடி முத்துமாரியைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை கெஞ்சவில்லை. "ஆத்தா, எனக்குத் தெரிஞ்சவருக்கு இதே மாதிரி புள்ளிதான் இருந்துச்சு. ரத்தம் வரல. மூணு நாள் கழிச்சுப் பாதி விரல எடுத்தாக. ஒன்னப் பயமுறுத்துறேன்னு நெனச்சாலும் சரி. கார் வச்சிருக்கவுக யாரும் பக்கத்துல இருக்காகளா?"

தையல் மெஷின் சத்தம் நின்றது.

"நெசமாவாக்கா?"

"நெசம்."

"இவுகளுக்கு மலையில சிக்னல் கெடைக்காதே."

"அவரு வரட்டும், பெறகு பாத்துக்கலாம். நீ கெளம்பு. தேனி பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல நான் நிக்கிறேன். ஒண்ணும் சாப்பிடாம வா."

பூஜைக்கு முதல் நாள், கவுண்டரில் ஆள் மேல் ஆள். முதலாளியிடம் சொன்னேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "போயிட்டு வாங்க. ஆனா தப்பு நம்மளுதுன்னு மட்டும் வாய விட்டுறாதீக" என்றார். போகும்போது டெமோ மெஷினிலிருந்து சிவப்பு நாசிலையும் கையேட்டையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது. வெறுங்கையோடு போனால் நான் சொல்வதை யார் கேட்பார்கள் என்ற பயம்தான்.

பக்கத்து வீட்டம்மா ஒருவரோடு காரில் வந்து இறங்கினார் முத்துமாரி. விரல் வெள்ளரிப்பிஞ்சு மாதிரி வீங்கி, நுனி வெளுத்திருந்தது. மற்றக் கையால் அதைத் தாங்கிப் பிடித்திருந்தார். அவசரப் பிரிவில் ஏதோ விபத்துக் கேஸ். ஓடிக்கொண்டிருந்த இளம் டாக்டர் ஒருவர் எட்டிப் பார்த்து, "சின்னக் காயம்தானம்மா, அங்கன உக்காருங்க, கூப்பிடுறோம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரத்தம் சொட்டச் சொட்ட ஆட்கள் கிடக்கும் இடத்தில் ஊசிமுனைப் புள்ளியை யார் முதலில் பார்ப்பார்கள்?

நான் குறுக்கே போய் நின்றேன். பையிலிருந்து கையேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். ஒரு கை, அதன் மேல் ஒரு கோடு பாய்கிற மாதிரி ஒரு படம், கீழே இங்கிலீஷில் நாலு வரி. ஒவ்வொரு பெட்டியிலும் அந்தப் படம் வந்திருக்கிறது. பஸ்ஸில் வரும்போதுதான் எழுத்துக் கூட்டி முதல் தடவை வாசித்தேன். சாதாரண வெட்டுக்காயமாக நினைக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள் என்று போட்டிருந்தது.

நாசிலையும் எடுத்துக் காட்டினேன். "சார், இது வழியா வந்த தண்ணி விரலுக்குள்ள போயிருக்கு. எறநூறு பார் மெஷின். தண்ணியில சோப் ஆயிலும் டீசலும் இருந்துச்சு. காலையில பத்தரைக்கு முன்னால நடந்துச்சு."

அவர் வாசித்தார். நாசிலை வாங்கித் துளையைப் பார்த்தார். பிறகு முத்துமாரியின் உள்ளங்கையை, விரலில் இருந்து ரொம்பத் தள்ளி, மெல்ல அழுத்தினார். முத்துமாரி அலறிவிட்டார். விரலில் போனது அதற்குள் உள்ளங்கை வரைக்கும் வந்திருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு பெரிய டாக்டரம்மா வந்து பார்த்து, "இப்பவே தெறந்து கழுவணும். விரல் நிக்கும்னு உறுதி சொல்ல முடியாது" என்றார்.

"தைக்க முடியுமா டாக்டர்?" என்று முத்துமாரி கேட்டார்.

"மொதல்ல விரல் இருக்கட்டும்மா."

ஸ்ட்ரெச்சரில் உள்ளே போகும்போது, "அந்த ஆறு ரவிக்கையும் கட்டிலு மேல இருக்குக்கா. கொக்கி மட்டுந்தான் பாக்கி" என்று என்னிடம் சொன்னார்.

செல்லப்பாண்டி சாயங்காலம் வந்தார். சட்டையெல்லாம் செம்மண். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் நேராக வந்தார்.

"நல்ல மெஷினுன்னுதானக்கா குடுத்தீக?"

முதலாளி சொன்னது ஞாபகத்தில் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் வேறு எதைச் சொல்வது? "மெஷினு நல்லதுதான் தம்பி. வீட்டுக்கு இம்புட்டுப் பெருசு வேண்டாம்னு சொல்லிருக்கணும், சொல்லல. அந்தச் செவப்பு நாசில எடுத்துட்டுக் குடுத்திருக்கணும், எடுக்கல. முன்னால கைய வைக்காதம்மான்னு அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கணும். அதையும் சொல்லல. தப்பு எம்மேலதான்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "பெருசா வேணும்னு நின்னது நானு. டீசலக் கலந்தது நானு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். உள்ளே இருப்பவரைப் பற்றிச் சேதி வரும்வரை அங்கேயே இருந்தோம்.

மூன்று தடவை திறந்து கழுவினார்கள். விரல் நின்றது. ஆனால் நுனியில் உணர்ச்சி இல்லை, நடுக்கணு முழுசாக மடங்காது. அன்றைக்குச் சாயங்காலம் வரை தள்ளிப் போட்டிருந்தால் இதுவும் கிடைத்திருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். மெஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். நான் தப்பை ஒப்புக்கொண்டது தெரிந்து முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கிடங்கில் இருந்த பெட்டிகளைப் பிரிக்கக் கத்தியை என் கையில் கொடுத்தார். நீங்கள் வந்த நாளிலிருந்து, வீட்டுக்குப் போகிற பெட்டிகளில் சிவப்பு நாசில் ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு கேள்வியும் அப்போதுதான் என்னிடம் சேர்ந்தது. இதை யார் பிடிக்கப் போகிறார்கள்? பணம் கொடுப்பவரும் பேரம் பேசுபவரும் அநேகமாக அவராக இருக்க மாட்டார். பின்னால் நிற்கும் மனைவியாக இருக்கலாம், வீட்டு வேலைக்கு வருகிறவராக இருக்கலாம். அவர் வந்திருந்தால் அவர் கையில் கன்னைக் கொடுத்து, அவர் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். வராவிட்டால் அவருக்குப் போன் போட்டுப் பேசுங்கள். மெஷின் ஓடவில்லை என்று போன் வந்தால், பில் எழுதுவதை நிறுத்திவிட்டு முழுசாகக் கேளுங்கள். நம்மிடம் மெஷினுக்கு என்ன ஆச்சு என்றுதான் சொல்வார்கள். தனக்கு என்ன ஆச்சு என்பதை ஒன்றுமில்லாத மாதிரி இடையில் சொல்லிவிட்டுப் போவார்கள்.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் முத்துமாரி கடைக்கு வந்தார். தனியாக, கையில் டேப்போடு.

"அக்கா, ஒங்களுக்கு ஒரு ரவிக்கை தைக்கணும். அளவு எடுக்க வந்தேன்."

"எனக்கெதுக்கும்மா இப்ப?"

"ஆஸ்பத்திரிக்குப் பெறகு யாருக்கும் தைக்கல. மொத ரவிக்கை இதுதான். வேற யாருதையாச்சும் கெடுத்துப்புட்டா ஊருக்குள்ள பேராயிரும். நீங்கன்னா ஒண்ணும் சொல்ல மாட்டீக."

சிரிக்காமல்தான் சொன்னார். பம்ப் செட்டுகளுக்கு நடுவில் நின்று அளவு கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துக் கம்பத்துக்குப் போனேன். உள்ளறையில் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ரவிக்கையின் உடம்புப் பகுதி கச்சிதமாக இருந்தது. கழுத்து விளிம்பில் வைத்துத் தைத்த பைப்பிங் பட்டி இடது பக்கம் மட்டும் நெளிந்திருந்தது. முத்துமாரி ஸ்டூலில் உட்கார்ந்து, "எப்படிக்கா இருக்கு?" என்றார். அவருக்குப் பின்னால் வாசற்படியில் நின்ற செல்லப்பாண்டி, நல்லா இருக்குன்னு சொல்லுங்க என்று என்னிடம் கண்ணைக் காட்டினார்.

எனக்கும் அப்படிச் சொல்லத்தான் ஆசை.

"உடம்பு நல்லாப் பிடிச்சிருக்கு. கழுத்துல எடது பக்கம் பைப்பிங் நெளிஞ்சிருக்கும்மா" என்றேன்.

செல்லப்பாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்துமாரி எழுந்து வந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "இந்த விரலுக்குத் துணி தெரிய மாட்டேங்குதுக்கா" என்றார். அந்த ஒரு நிமிஷம் நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இருந்தது. அவர் கையை நீட்டினார்.

"கழட்டிக் குடுங்க. நடுவிரல வச்சுப் பிடிச்சுப் பாக்குறேன்."

அவருடைய நைட்டி ஒன்றை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் பிரித்தார், வைத்தார், மறுபடி பிரித்தார். செல்லப்பாண்டி டீ வாங்கி வந்து வைத்துவிட்டு, தையல் மெஷின் பக்கம் பார்க்காமல் ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார். கடைசியில் நூலைப் பல்லால் கடித்துவிட்டு ரவிக்கையை என்னிடம் நீட்டினார் முத்துமாரி.

"இப்பப் போட்டுப் பாத்துச் சொல்லுங்க. மொதல்ல சொன்ன மாதிரியே சொல்லணும்."

போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். பைப்பிங் நேராக இருந்தது. அதையும் சொன்னேன்.